மாமாவின் இசைத்தட்டுகள்: கிளிநொச்சியில் ஒரு மிக்ஸ் பதிவு

யூலை 6, 2024, சனி

வவுனியாவில் இருந்து மாமாவின் இசைத்தட்டுப் பெட்டிகள் வந்து சேர்ந்தன. அங்கே ஒலிபெருக்கிச் சேவை நடத்தியவர். எழுபதுகளின் பொப் பாடல்கள், பைலா, ஹிந்தி, கொஞ்சம் டிஸ்கோ. போர்க் காலத்தில் இங்கே வன்னிக்குள் இருந்திருந்தால் இவை தப்பியிருக்காது. இடம்பெயரும்போது இசைத்தட்டை யார் தூக்கிக்கொண்டு ஓடுவது? கரண்ட் இல்லாத வருடங்களில் சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் இங்கே ரேடியோ கேட்டார்கள். ஆகவே கிடைத்த இதை நல்ல சத்தத்தோடு பதிய வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம். இரண்டு டேர்ன்டேபிளில் ஒரு பாட்டுக்குள் இன்னொன்றைக் கலந்து, ஒரு மணித்தியால மிக்ஸாக.

"தம்பி, முதல்ல ஊசியைப் பார். கொம்பியூட்டரைப் பிறகு பார்க்கலாம்," என்றார் மாமா போனில்.

யூலை 7, ஞாயிறு

சோளகக் காற்று. கிரவல் ரோட்டுப் புழுதி முழுவதும் வீட்டுக்குள்தான். ஜன்னல்களைச் சாத்திவிட்டுத் தட்டுகளைத் துடைத்தேன். பற்றரிக்கு ஊற்றுகிற காய்ச்சி வடித்த தண்ணீர், மெல்லிய துணி, ஊசி ஓடும் வரி போகும் திசையிலேயே வட்டமாக. குறுக்கே துடைத்தால் புழுதி வரியையே கீறிவிடும். பதிந்த பிறகு மென்பொருளில் 'கிளிக்' சத்தத்தை எடுக்கலாம்தான். ஆனால் முழு மிக்ஸுக்கும் அதை ஓடவிட்டால் தாளத்தின் கூர்மையான அடியையும், கையால் தட்டை இழுக்கிற ஸ்கிராட்ச்சையும் அழுக்கென்று நினைத்து மழுக்கிவிடும்.

ஊசியின் பாரத்தை 3 கிராமுக்கு வைத்தேன், அந்த ஊசிக்குச் சொல்லியிருக்கும் அளவு அதுதான். பாரம் குறைந்தால் தட்டுக்கு நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். குறைந்த பாரத்தில் ஊசி வரிக்குள் துள்ளும், வரி அதனால்தான் கெடும்.

யூலை 11, வியாழன்

இன்று வயர் வேலை. ஊசியில் இருந்து வருவது சில மில்லிவோல்ட் மட்டுமே. அதோடு, தட்டை வெட்டும்போது பேஸைக் குறைத்து ட்ரெபிளைக் கூட்டித்தான் வெட்டுவார்கள். ஆர்ஐஏஏ என்கிற அந்த ஒழுங்கு 1954 முதல் இருக்கிறது. சத்தங்களைக் கலக்கும் மிக்சரில், டேர்ன்டேபிளுக்கான 'போனோ' வழி இதைத் திருப்பிச் சரிசெய்து, சத்தத்தையும் பெருக்கும். 'லைன்' வழியில் செருகினால் தகரம் தட்டுகிற மாதிரித்தான் கேட்கும்.

மிக்சரில் பதிவுக்கென்று உள்ள 'ரெக் அவுட்'டில் இருந்து, சத்தத்தை லப்டொப்புக்குக் கொண்டுபோகும் யூஎஸ்பி ஓடியோ இன்டர்பேஸின் லைன் இன்னுக்கு ஆர்சிஏ வயர். என் மிக்சரில் மாஸ்டர் குமிழை எப்படித் திருப்பினாலும் ரெக் அவுட்டின் அளவு மாறாது. லப்டொப்பின் மைக் துளை இந்த வேலைக்கு உதவாது. பெரும்பாலும் மோனோ, மைக்கின் மெல்லிய சத்தத்துக்காகச் செய்தது, இந்த அளவைத் தாங்காமல் கரகரக்கும்.

யூலை 14, ஞாயிறு

ஹம்ம்ம் என்று ஒரு இரைச்சல். 50 ஹெர்ட்ஸ், நம் மின்சாரத்தின் சொந்தக் குரல். டேர்ன்டேபிள்களின் எர்த் வயர்களை மிக்சரின் பின்பக்கத் திருகில் இறுக்கியதும் பாதி போனது. லப்டொப் சார்ஜரைக் கழற்றினேன், மிச்சமும் போனது. இனிப் பதிவெல்லாம் பற்றரியில்தான்.

அடுத்தது அதிர்வு. மைக் இல்லாததால் நாய் குரைத்தால் பதியாது, மயில் கத்தினாலும் பதியாது. வாசலால் ஒரு லான்ட்மாஸ்டர் (இருசில்லு உழவு இயந்திரம்) போனால் மட்டும் மேசை நடுங்கி, ஊசி அதையும் பாட்டாக எடுத்துக்கொள்கிறது. பலகைக்குக் கீழே காற்றுக் குறைவாக அடித்த மோட்டார் சைக்கிள் டியூப்பை வைத்தேன். ஸ்பீக்கர்களை அடுத்த அறைக்கு மாற்றிவிட்டேன், கேட்பது இனி ஹெட்போனில். இந்த டியூப் செய்த உதவியை எந்த மென்பொருளும் செய்திருக்காது.

யூலை 20, சனி

ஆடியசிட்டி என்கிற பதிவு மென்பொருளில் 24 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். ஒரு மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 950 எம்பி. விண்டோஸின் ஒலி 'மேம்படுத்தல்' எல்லாவற்றையும் நிறுத்தி, வைபையையும் அணைத்தேன். மிகச் சத்தமான இடத்தைப் போட்டுப் பார்த்து, உச்சம் மைனஸ் 6 டெசிபெலைத் தாண்டாதபடி இன்டர்பேஸில் அளவை வைத்தேன். சிவப்பு விளக்கு வரை ஏற்றத் தேவையே இல்லை. 24 பிட்டில் இடம் தாராளம். சிவப்பில் வெட்டுப்பட்ட சத்தம் வெட்டுப்பட்டதுதான்.

நிமிடத்துக்கு 45 சுற்றுச் சுற்றும் தட்டு உரக்க ஒலிக்கும். எல்பி என்கிற பெரிய தட்டின் நீளமான பக்கத்தில் வரிகளை நெருக்கி வெட்டியிருப்பதால் சத்தம் குறைவு. ஒவ்வொரு தட்டுக்கும் மிக்சரில் கெயினை (உள்வரும் சத்த அளவை) ஹெட்போனில் ஒப்பிட்டுச் சரிசெய்துதான் கலந்தேன். பைலாவில் இருந்து டிஸ்கோவுக்குப் போன இடம் பிட்ச்சை, அதாவது தட்டு சுற்றும் வேகத்தை, 3 சதவீதம் ஏற்றியதும் அவ்வளவு அழகாகப் பொருந்தியது. கேட்டுக்கொண்டே நின்றேன்.

யூலை 21, ஞாயிறு

உச்சத்தை மைனஸ் 1 டெசிபெலுக்கு உயர்த்தியதோடு சரி, சத்தத்தை நசுக்கவில்லை. பாதுகாக்க, தரம் குறையாத பிளாக் (FLAC) கோப்பு, மாமாவின் போனுக்கு 320 கேபிபிஎஸ் எம்பி3.

இரவு அவரே எடுத்தார். "அந்த மூன்றாவது பாட்டில சலங்கைச் சத்தம் இருக்கிறது எனக்கு இண்டைக்குத்தான் தெரியும். எங்கட ஹோர்ன் ஸ்பீக்கரில அது ஒருநாளும் கேட்டதில்லை."

பெட்டியின் அடியில் 78 சுற்றுத் தட்டுகளும் இருக்கின்றன. அரக்கால் செய்தவை, ஸ்பிரிட் பட்டால் கரையும். வரியும் அகலம், எல்பி ஊசி அடியில் உரசிக்கொண்டு ஓடும். 3 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு) ஊசி ஒன்றுக்குக் கொழும்பில் சொல்லியிருக்கிறேன். வரும்வரை அவற்றைத் தொடப்போவதில்லை.