ஸ்பேம் வடிகட்டி: உள்வாசலிலிருந்து வெளிவாசலுக்கு

கல்லூரி ஒன்றின் மின்னஞ்சல் சர்வரைக் கவனிக்கும் வேலையில் நான் சேர்ந்த காலத்தில், ஸ்பேமை, அதாவது கேட்காமலே வந்து குவியும் விளம்பர, மோசடிக் கடிதங்களைத் தடுக்க எங்களிடம் இருந்த முதன்மையான ஆயுதம் ஸ்பேம்அசாசின் என்னும் வடிகட்டி நிரல். வரும் கடிதம் ஒவ்வொன்றையும் படித்து, ஐயத்துக்குரிய ஒவ்வொரு கூறுக்கும் மதிப்பெண் போட்டு, கூட்டுத்தொகை 5-ஐத் தொட்டால் ஸ்பேம் என்று அது முத்திரை குத்திவிடும். 2002-இல் நிரலாளர் பால் கிரகாமின் கட்டுரையால் பரவலாகிய பேயிசியன் முறையும், அதாவது சொற்களின் நிகழ்தகவைக் கொண்டு தீர்மானிக்கும் முறையும், அதில் சேர்ந்திருந்தது.

அனுப்புகிறவர்கள் சும்மா இருப்பார்களா? மாத்திரை விளம்பரத்தின் அடியில் பழைய நாவல்களின் பத்திகளை ஒட்டி அந்தக் கணக்கைக் குழப்பினார்கள். 2006 வாக்கில் எழுத்தையே கைவிட்டு, பங்குச்சந்தைப் பரிந்துரைகளைப் படமாக அனுப்பினார்கள். படத்திலுள்ள எழுத்தைப் படிக்க ஓசிஆர் நிரலைச் சேர்த்தால், படத்தின் மேல் புள்ளிகளைத் தூவினார்கள். அந்த நிரல் சர்வரின் செயல்திறனை (சிபியுவை) விழுங்கியதில், ஸ்பேமைவிட அதைப் பிடிக்கும் ஏற்பாடே பெருந்தொல்லையாகிவிட்டது.

எனக்கு மிகவும் பிடித்திருந்தது கிரேலிஸ்டிங். முன்பின் தெரியாத சர்வர் வந்தால், ‘பிறகு வா’ என்னும் பொருளில் 451 என்ற தற்காலிக மறுப்பைக் கொடுத்துத் திருப்பிவிடுவோம். முறையான சர்வர் சிறிது நேரத்தில் மீண்டும் வரும், அவசர அவசரமாக ஊரெல்லாம் அனுப்பும் ஸ்பேம் நிரல் பெரும்பாலும் வராது. கடிதத்தைத் திறந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் ஓடிபி காலம் வந்ததும் அதற்கு முடிவு வந்தது. பத்து நிமிடத்தில் காலாவதியாகும் எண் அரை மணி நேரம் கழித்து வந்தால் ஆசிரியர்களுக்கு என்ன சமாதானம் சொல்வது? பெரிய நிறுவனங்கள் மறுமுயற்சியை வேறு ஐபி முகவரியிலிருந்து செய்ததால், அதுவும் தெரியாத சர்வராகவே தோன்றி, தாமதம் இன்னும் கூடியது.

இப்போது எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் ஆகியவற்றின் காலம். அனுப்புநர் முகவரியில் @-க்குப் பின்வரும் டொமைன் பெயர் போலியா என்று சரிபார்க்கும் முறைகள் இவை. ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000 கடிதங்களுக்கு மேல் அனுப்புவோருக்கு 2024 பிப்ரவரி முதல் கூகுள் இம்மூன்றையும் கட்டாயமாக்கியது. நல்ல ஏற்பாடுதான், ஆனாலும் அனுப்பியவரின் டொமைன் உண்மையானது என்பதைத்தான் இவை உறுதிசெய்யும், அவருடைய நோக்கத்தை அல்ல. புதிதாக டொமைன் வாங்கும் மோசடிக்காரர்கள் இவற்றைச் சின்னக் கல்லூரிகளைவிட ஒழுங்காக அமைத்துவிடுகிறார்கள்.

அதைவிடச் சிக்கலானது, கடவுச்சொல் திருடுபோன பேராசிரியரின் கணக்கிலிருந்து வரும் கடிதம். டிகிம் இடும் கையொப்பம் சரி, சர்வர் சரி. பழைய உரையாடல் ஒன்றுக்குப் பதிலாகவே அது வந்து நிற்கும். ஆகவே, ஒரு கணக்கிலிருந்து ஒரு மணி நேரத்தில் வெளியே போகும் கடிதங்களுக்கும் இப்போது உச்சவரம்பு வைத்திருக்கிறோம். சேர்க்கைக் காலத்தில் அதில் முதலில் மாட்டுவது பெரும்பாலும் எங்கள் அட்மிஷன் அலுவலகம்தான்.