கிட்டார் கட்டும் படிப்புக்குப் போகும் வடசென்னைக்காரர்களுக்கு

காசிமேட்டிலும் ராயபுரத்திலும் வளர்ந்தவர்களுக்குக் காற்றில் இருக்கும் ஈரம் உறைக்காது. உப்பு ஜாடி கட்டி தட்டுவதும் உளி ஒரே வாரத்தில் துருப்பிடிப்பதும் பழகிப்போன சங்கதிகள். கிட்டார் செய்யப் படிக்கப் போகிறவர் முதலில் கவனிக்க வேண்டியது இந்த ஈரத்தைத்தான். உளி பிடிப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

அமெரிக்காவில் இதற்கென்றே தொழிற்பள்ளிகள் உண்டு. பீனிக்ஸ் நகரில் 1975 முதல் நடக்கும் ராபர்ட்டோ-வென், மிச்சிகனில் பிக் ராபிட்ஸ் ஊரில் உள்ள கல்லூப் இரண்டும் பலருக்குத் தெரிந்த பெயர்கள். பீனிக்ஸ் பாலைவன ஊர். மிச்சிகனில் குளிர்காலம் முழுக்க ஹீட்டர் ஓடி அறைக் காற்றை உலர்த்திவிடும். கிட்டார் பட்டறைகளில் காற்றின் ஈரப்பதத்தை 40 முதல் 50 சதவீதத்துக்குள் வைப்பார்கள். நம் கடற்கரைப் பக்கம் 75 என்பது சாதாரணம்.

இந்த வித்தியாசம் மரத்தை என்ன செய்யும்? 45 சதவீதக் காற்றில் மரத்துக்குள் சுமார் 8 சதவீத நீர் நிற்கும். 75 சதவீதக் காற்றில் அது 14ஐ எட்டும். 400 மி.மீ. அகலமுள்ள ஸ்ப்ரூஸ் (குளிர்நாட்டு ஊசியிலை மரம்) மேற்பலகை அதற்கே குறுக்குவாட்டில் ஏறக்குறைய 3 மி.மீ. விரியும். ஆனால் அடியில் அதைத் தாங்கும் மரப் பட்டிகளும் சுற்றிலும் பக்கப்பலகையும் ஒட்டியிருப்பதால் விரிய வழியில்லாமல் மேலே புடைக்கும். கம்பிகளின் அடிமுனை மாட்டியிருக்கும் பிரிட்ஜும் கூடவே ஏற, கம்பிகள் விரலுக்கு எட்டாத உயரத்துக்குப் போகும். இது தொந்தரவுதான், ஆனால் சரிசெய்யலாம். மோசமானது இதற்கு நேர்மாறானது. இங்கே மழைமாதத்தில் கட்டிய கிட்டார் உலர்ந்த ஊருக்குப் போனால், சுருங்க இடமில்லாமல் ரேகை வழியே பிளந்துவிடும். அதனால் பட்டி ஒட்டும் வேலையை உலர்ந்த நாளில், உலர்ந்த அறையில்தான் செய்ய வேண்டும். வீட்டில் பழகுபவருக்கு டீஹியூமிடிபையர் (காற்றின் ஈரத்தை உறிஞ்சும் கருவி) வைத்த ஒரு சின்ன அறை போதும். ஏ.சி.யை மட்டும் நம்ப வேண்டாம். அது குளிரூட்டும் அளவுக்கு ஈரப்பதத்தைக் குறைப்பதில்லை.

காற்றின் ஈரப்பதத்தை அளக்கும் ஈரமானியை வாங்கிய அன்றே சோதித்துவிடுங்கள். பாட்டில் மூடியில் சாப்பாட்டு உப்பைப் போட்டு, ஈர மணல் பதம் வரும்வரை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுங்கள். உப்பு கரைந்துவிடக் கூடாது. ஈரமானியோடு சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாவில் ஓர் இரவு மூடி வையுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 69 காட்டினால் கருவி 6 குறைத்துச் சொல்கிறது என்று அதன் முதுகிலேயே எழுதி ஒட்டுங்கள்.

கிளம்பும் முன் ஐ.டி.ஐ.யில் ஓராண்டு கார்பென்டர் டிரேடு முடித்திருந்தால் கை பழகியிருக்கும். ஆனால் கதவு நிலைக்கு 1 மி.மீ. பரவாயில்லை என்ற பழக்கத்தை இங்கே விட்டுவிட வேண்டும். பழகுவதற்கு ஸ்ப்ரூஸ் வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள். துறைமுகம் வழியாக வரும் பேக்கிங் பெட்டி பைன் போதும். எச்.டி. முத்திரை இருப்பதை எடுங்கள், அது சூடேற்றிப் பதப்படுத்தியது. எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு புகையடித்தது, வேண்டாம்.

உளியை 25 டிகிரியில், முதலில் 1000 எண் தீட்டுகல்லிலும் பிறகு அதைவிட நுண்ணிய 6000 எண் கல்லிலும் தீட்டுங்கள். அதற்கும் முன் உளியின் முதுகு தட்டையாக வேண்டும், பலர் கோட்டைவிடுவது அங்கேதான். பைன் கட்டையின் வெட்டுமுகத்தைச் சீவிப் பாருங்கள். மொட்டை உளி நாரை நசுக்கிப் பொடியாக்கும், கூரான உளி மினுமினுப்பாகச் சீவும்.

அடுத்து இணைப்பு. மேற்பலகை இரண்டு பாதிகளால் ஆனது. விளிம்புகளை இழைப்புளியால் சீவி ஒன்றோடொன்று சேர்த்து, ஜன்னலை நோக்கித் தூக்கிப் பிடியுங்கள். நடுவில் வெளிச்சக் கீற்று தெரிந்தால் நடு பள்ளம், முனைகளில் தெரிந்தால் நடு மேடு. கிளாம்பை முறுக்கி அந்த இடைவெளியை மூடலாம் என்று நினைப்பவர்கள் கிட்டாருக்குப் பிற்காலத்தில் வரப்போகும் விரிசலை இப்போதே ஒட்டி வைக்கிறார்கள்.

ஃபிரெட், அதாவது கழுத்தில் குறுக்கே பதிக்கும் உலோகக் கம்பி, எங்கே வர வேண்டும் என்ற கணக்கு எளிது. ஸ்கேல் நீளம், அதாவது கழுத்து நுனியில் கம்பிகள் தாங்கும் நட்டிலிருந்து பிரிட்ஜ் பக்கத் தாங்கல் வரை, 648 மி.மீ. என்றால், நட்டிலிருந்து முதல் ஃபிரெட் 36.37, இரண்டாவது 70.70, 12-ஆவது சரியாக 324. ஒவ்வொன்றையும் நட்டிலிருந்தே அளக்க வேண்டும். ஒன்றிலிருந்து அடுத்ததை அளந்தால் 0.2 மி.மீ. பிசகு ஒரே பக்கமாகச் சேர்ந்து, 12-ஆவது ஃபிரெட்டில் 2.4 மி.மீ. ஆகிவிடும்.

பக்கப்பலகையை 2 மி.மீ. அளவுக்கு இழைத்து, நனைத்து, சூடான குழாயில் வளைப்பார்கள். தோசைக்கல் பதம்தான்: தண்ணீர் தெளித்தால் துளி உருண்டு ஓட வேண்டும். சூடு போதாமல் அழுத்தினால் ஒடியும். கனம் சீராக இல்லாவிட்டால் மெல்லிய இடம் முந்திக்கொண்டு மடங்கும்.

சாதாரண வெள்ளைப் பசை கம்பி இழுப்பில் மெல்ல மெல்ல நகரும். ஆறு எஃகுக் கம்பிகளும் சேர்ந்து இழுப்பது 70 கிலோவுக்கு மேல். பட்டிக்கும் பிரிட்ஜுக்கும் மஞ்சள் மரப்பசையோ நம் ஆசாரிகள் காய்ச்சிய வஜ்ஜிரப் பசையோதான் ஏற்றது.

விசாவுக்கு ஒரு வார்த்தை. தொழிற்பள்ளிக்கு வழக்கமாக எம்-1 விசா. படிக்கும் காலத்தில் வேலை பார்க்க அனுமதி கிடையாது. படிப்பு முடிந்தபின் 4 மாதப் படிப்புக்கு 1 மாதம் என்ற கணக்கில் பயிற்சி வேலைக்கு விண்ணப்பிக்கலாம். பகுதிநேர வேலையை நம்பிப் பணக் கணக்குப் போடாதீர்கள். பள்ளி ஐ-20 (விசாவுக்குத் தேவையான சேர்க்கைப் படிவம்) தருகிறதா என்று கேட்ட பிறகே கட்டணம் கட்டுங்கள்.

ஈட்டி மரத் துண்டுகளைப் பெட்டியில் போட்டு எடுத்துப் போகலாம் என்ற யோசனையும் வேண்டாம். 2017 முதல் அந்த மரத்தின் பேரினம் முழுவதும் சைட்டீஸ் (அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) கட்டுப்பாட்டில் இருக்கிறது. 2019-இல் விலக்கு கிடைத்தது செய்து முடித்த இசைக்கருவிகளுக்கும் அவற்றின் பாகங்களுக்கும்தான், மூல மரத்துக்கு அல்ல.

படிப்பு முடிந்து செய்த கிட்டாரோடு திரும்பும்போது, கூடுதலாக ஒரு சேடில் எலும்பை (பிரிட்ஜில் கம்பிகளைத் தாங்கும் துண்டு) உயரம் குறைவாகச் சீவி எடுத்து வாருங்கள். ஐப்பசி மழையில் மேற்பலகை புடைத்துக் கம்பி ஏறினால் அந்த உயரம் குறைந்த சேடிலை மாட்டலாம். 12-ஆவது ஃபிரெட்டில் அரை மி.மீ. இறங்க வேண்டுமானால் சேடிலில் 1 மி.மீ. குறைய வேண்டும். பங்குனியில் பழைய சேடிலைத் திரும்ப மாட்டிக்கொள்ளலாம்.