மூணாவது மெஷின் எதுக்கு?

மண்ணடி, தம்புச் செட்டித் தெருப் பக்கம் கிளியரிங் ஏஜென்சிகளில் சிஸ்டம் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே நிஜமான சொத்து ஸ்கேன் செய்த காகிதம்தான். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங் எல்லாம் பிடிஎஃப் ஆகி இ-சஞ்சித் வழியாக கஸ்டம்ஸுக்குப் போகும். கஸ்டம்ஸ் புரோக்கர்கள் பதிவேடுகளை 5 ஆண்டுக்குக் குறையாமல் பத்திரப்படுத்த வேண்டும் என்பது 2018ஆம் ஆண்டு விதி. அப்படி ஓர் அலுவலகத்தில், ஒரே சர்வரில் கிடந்த மொத்தத்தையும் க்ளஸ்டர்எஃப்எஸ் வால்யூமுக்கு மாற்றும் பொறுப்பு எனக்கு வந்தது. க்ளஸ்டர்எஃப்எஸ் என்பது ஒரே ஃபைலைப் பல மெஷின்களில் காப்பியாக வைக்கும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருள்; அந்த மெஷின்களின் டிஸ்குகளைச் சேர்த்து ஒரே ஃபோல்டர் மாதிரி காட்டுவதுதான் வால்யூம்.

முதலாளியை எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். மூன்று மெஷின் போட்டிருந்த கொட்டேஷனைப் பார்த்ததும் அவர் கேட்டார்: "ரெண்டு மெஷின்லயும் அதே ஃபைல் இருக்கும்னு நீயே சொல்றே தம்பி. அப்புறம் மூணாவது எதுக்குப்பா?"

நியாயமான கேள்வி. நான் இப்படிச் சொன்னேன்: "காலைல யூபிஎஸ் போய் முதல் மெஷின் படுத்துடுது பாய். திருத்தின இன்வாய்ஸ் ரெண்டாவதுல மட்டும் சேவ் ஆகுது. முதல் மெஷின் எழுந்து அதை வாங்கிக்கிறதுக்குள்ள ரெண்டாவது படுத்துடுது. இப்ப வேற ஒருத்தர் அதே இன்வாய்ஸை முதல் மெஷின்ல திருத்தறார். ரெண்டும் ஒண்ணா எழுந்தா எது சரி?" பாய் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பார்ட்டி அனுப்புனதுதான் சரி" என்றார். ஆனால் மெஷினுக்கு அது தெரியாது. இரண்டும் ஒன்றையொன்று குற்றம் சொல்லும், ஃபைலைத் திறந்தால் இன்புட் அவுட்புட் எரர் வரும். இதைத்தான் ஸ்பிளிட்-பிரெயின் என்கிறார்கள். பெரிய தொகைக்கான சரக்கு ஹார்பரில் நிற்கும்போது இந்த எரரைப் பார்க்க யாருக்கும் மனசு வராது.

மூன்றாவது, முழு சர்வராக இருக்க வேண்டியதில்லை. அதை ஆர்பிட்டராக, அதாவது நடுவராக வைத்தால் ஃபைலின் பெயரும் விவரங்களும் மட்டும் அதில் இருக்கும், உள்ளடக்கம் இருக்காது. ஃபைலுக்கு 4 கேபி என்று கணக்குப் போடுவார்கள். பத்து லட்சம் ஃபைலுக்கும் 4 ஜிபி பக்கம்தான் வரும். எந்தக் காப்பி பழசு என்று அதற்குத் தெரியும் என்பதால், பழசு மட்டும் உயிரோடு இருக்கும் நேரத்தில் எழுத விடாது. அலுவலகத்தில் சும்மா கிடந்த டெஸ்க்டாப் ஒன்றுக்கு எஸ்எஸ்டி போட்டு, தனி யூபிஎஸ்ஸில் வைத்தோம். பாய் முகத்தில் நிம்மதி தெரிந்தது. மூன்றையும் மாடியில்தான் வைக்க வேண்டும் என்று அவரிடம் எடுத்துச் சொல்லத் தேவையே இருக்கவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலைப் பார்த்த வடசென்னைக்காரர் அவர்.

அமைப்பது பெரிய வேலை இல்லை. ஒவ்வொரு மெஷினிலும் எக்ஸ்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம் போட்ட தனி டிஸ்கில் பிரிக் (ஃபைல்கள் நிஜமாகக் கிடக்கும் ஃபோல்டர்), 24007 போர்ட்டும் 49152இலிருந்து தொடங்கும் போர்ட்டுகளும் ஃபயர்வாலில் திறந்திருக்க வேண்டும், பிறகு மெஷின்களை ஒன்றோடொன்று சேர்க்கும் பியர் ப்ரோப், வால்யூம் கிரியேட், ஸ்டார்ட் என்று சில கட்டளைகள். ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருந்தேன். பழைய ஃபைல்களைச் சீக்கிரம் ஏற்றிவிடலாம் என்று பிரிக் ஃபோல்டருக்குள் நேராகக் காப்பி செய்யப் பார்த்தார்கள். கூடவே கூடாது. மவுன்ட், அதாவது வால்யூமைத் திறந்து காட்டும் ஃபோல்டர் வழியாகப் போனால்தான் மற்ற மெஷின்களுக்குத் தெரியும், ஹீல் (விட்டுப்போன ஃபைல்களைச் சரிசெய்வது) கணக்கும் ஒழுங்காக நிற்கும். சின்னச் சின்ன ஃபைல்கள் ஆயிரக்கணக்கில் இருந்ததால் மெதுவாகத்தான் ஏறியது. பரவாயில்லை, ஏறட்டும்.

எனக்கு முக்கியமாகப் பட்டது, எல்லாரும் வேலைக்கு இறங்கும் முன் அவர்கள் கண்ணெதிரே ஒரு மெஷினை விழ வைப்பது. விண்டோஸ் மெஷின்கள் முதல் சர்வரில் இருந்த சாம்பா (லினக்ஸ் ஃபோல்டரை விண்டோஸுக்குக் காட்டும் மென்பொருள்) வழியாக வந்தன; அதனால் இரண்டாவதின் நெட்வொர்க் கேபிளைப் பிடித்துக்கொண்டு, டாக்குமென்ட் பார்க்கும் அக்காவிடம் "சேவ் பண்ணுங்கக்கா" என்றேன். பிடுங்கினேன்.

"இன்னா தம்பி, சுத்திக்கினே கீது?"

"இருங்கக்கா, கொஞ்சம் பொறுங்க."

செத்த மெஷினுக்காக க்ளஸ்டர்எஃப்எஸ் காத்திருக்கும் நேரம் இயல்பாக 42 விநாடி. ஸ்கிரீன் அத்தனை நேரமும் அப்படியே நிற்கும், அப்புறம் தானாக நகரும். நகர்ந்தது, ஃபைல் சேவ் ஆனது. இந்த 42ஐக் குறைக்கச் சொல்லிப் பலர் கேட்பார்கள். ரொம்பக் குறைத்தால் நெட்வொர்க் லேசாகத் தடுமாறினாலே மெஷின் செத்ததாக நினைத்துத் துண்டிக்கும், திரும்பச் சேரும்போது ஃபைல்கள் மேல் இருந்த லாக்குகளை எல்லாம் புதுப்பிக்கும் பாரம் வேறு. நான் தொடவில்லை. சுற்றிக்கொண்டு நின்றால் பயந்து ரீஸ்டார்ட் போடக் கூடாது, ஒரு நிமிஷம் பொறுக்க வேண்டும் என்பது அக்காவுக்குத் தெரிந்தால் போதும். கேபிளைத் திரும்பச் செருகி ஹீல் இன்ஃபோ பார்த்தோம். விட்டுப்போன ஃபைல்களின் எண்ணிக்கை இறங்கி இறங்கி பூஜ்யமானது. பாயும் பக்கத்தில் நின்று பார்த்தார்.

மணலி யார்டில் ஒரு காப்பி வேண்டும் என்றும் கேட்டார்கள். அதை இதே வால்யூமில் சேர்க்க நான் ஒப்புக்கொள்ளவில்லை. க்ளஸ்டர்எஃப்எஸ்ஸில் ஒவ்வொரு சேவும் எல்லாக் காப்பியிலும் முடிந்தால்தான் முடிந்த மாதிரி. மணலி லைன் மந்தமானால் மண்ணடியில் அக்காவின் ஸ்கிரீனும் மந்தமாகும். அதற்கு ஜியோ-ரெப்ளிகேஷன் இருக்கிறது. பின்னாலேயே, தன் வேகத்தில் போய்ச் சேரும்.

க்ளஸ்டர்எஃப்எஸ்ஸை உருவாக்கிய க்ளஸ்டர் (Gluster) நிறுவனத்தை, லினக்ஸ் நிறுவனமான ரெட் ஹாட் 2011இல் வாங்கியது. ரெட் ஹாட் விற்ற பதிப்பான ரெட் ஹாட் க்ளஸ்டர் ஸ்டோரேஜுக்கு 2024 கடைசியோடு ஆதரவு முடிந்தது. ஓப்பன் சோர்ஸ் திட்டம் இருக்கிறது என்றாலும், பெரிய புது அமைப்புக்கு யாராவது கேட்டால் சிஃப் (Ceph) என்ற இன்னொரு ஸ்டோரேஜ் மென்பொருளைத்தான் சொல்வேன். மூன்று மெஷின் உள்ள இந்த மாதிரி அலுவலகத்துக்கு க்ளஸ்டர்எஃப்எஸ்ஸையே விரும்புவதற்குக் காரணம் ஒன்று உண்டு: எல்லாமே கவிழ்ந்தாலும், பிரிக்கைத் திறந்தால் ஃபைல் ஃபைலாகவே கிடக்கும், கண்ணால் பார்த்து எடுக்கலாம்.

இத்தனை காப்பி இருந்தாலும் பேக்கப் தனி. யாராவது ஃபோல்டரை அழித்தால் எல்லா மெஷினிலும் அந்த நொடியே போய்விடும். அதனால் அந்தந்த நேரத்து நிலையை அப்படியே பிடித்து வைக்கும் ஸ்னாப்ஷாட் வேண்டும், ஸ்னாப்ஷாட்டுக்கு பிரிக் தின் எல்விஎம் (டிஸ்க் இடத்தைத் தேவைக்கேற்பப் பிரித்துத் தரும் லினக்ஸ் முறை) மேல் இருக்க வேண்டும். முதலிலேயே போடாவிட்டால் பின்னால் டேட்டாவை வெளியே எடுத்துத்தான் மாற்ற முடியும். நாங்கள் முதலிலேயே போட்டோம். அலுவலகம் மூடியதும் தினம் ஒரு ஸ்னாப்ஷாட் எடுக்கிறது, வாரம் ஒரு முறை வெளி டிஸ்கில் முழுக் காப்பி.