அழுகும் வரிசை

மார்ச் 4, செவ்வாய்

முட்டைக்கோஸைப் பாதியாக வெட்டித் தரமாட்டார்களாம். இருந்ததிலேயே சின்னதாகப் பார்த்து முழுசாக வாங்கி வந்தேன். அதுவே நான்கு பேருக்குக் காணும். சமைக்கத் தெரியாமல் இல்லை. ஒரு ஆளுக்கு எவ்வளவு என்பதுதான் கைக்கு இன்னும் பிடிபடவில்லை.

போன் வரவில்லை.

மார்ச் 5, புதன்

கோஸ்.

மார்ச் 7, வெள்ளி

வாரத்துக்கு ஒரு பட்டியல் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியாயிற்று. திங்கள் இது, செவ்வாய் அது என்று கிழமை போட்டு எழுதுவதெல்லாம் வீடு நிறைய ஆள் இருந்தால் சரி. தனியாள் அழுகும் வரிசையில்தான் எழுத வேண்டும். கீரை முதலில், வாங்கின மறுநாளைத் தாண்டக் கூடாது. அப்புறம் பீன்ஸ். கேரட்டும் கோஸும் பொறுமைசாலிகள், கடைசியில் வரட்டும். கீரைக்குப் பக்கத்தில் ஆப்பிளை வைக்கவே கூடாது. அது விடும் எத்திலீன் வாயுவில் கீரை மஞ்சளாகிவிடும்.

கோஸில் கத்தி வைக்கவில்லை. வெளி இலையாக உரித்தெடுத்தால் வெட்டுவாய் கறுக்காது, உள்ளேயும் வாடாது. உரிக்கும்போது இலைக்கு இலை கிறீச்சென்று ஒரு சத்தம்.

மார்ச் 8, சனி

மத்தியானம் வடித்த சோற்றில் பாதி மிச்சம். அகலமான தட்டில் பரப்பி, ஃபேனைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நின்றேன். அக்கா போனில் சிரிக்கிறாள். "அப்புறமா சூடு பண்ணிக்கிட்டா என்னடா ஆகும்?"

ஆகும். பேசிலஸ் செரியஸ் என்று ஒரு கிருமி. அதன் வித்துகள் சோறு வேகும்போதும் சாவதில்லை. சோறு வெளியிலேயே கிடந்தால் முளைத்துப் பெருகி நஞ்சு விடும். வாந்தி வரவைக்கும் அந்த நஞ்சு, மறுபடி எவ்வளவு சூடாக்கினாலும் போகாது. சமைத்ததை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதே, 5 டிகிரிக்குக் கீழே வை என்கிறது உலக சுகாதார நிறுவனம். "இவ்வளவு பயந்தா எப்படிடா சாப்பிடுவே?" என்றாள். நடுராத்திரி வாந்தி எடுத்தால் ஒரு டம்ளர் தண்ணீர் நீட்ட ஆளில்லாதவன் பயப்படத்தான் செய்வான். அவளிடம் அதைச் சொல்லவில்லை. சொன்னால் கிளம்பி வந்துவிடுவாள்.

மார்ச் 9, ஞாயிறு

ஞாயிறு கூப்பிட மாட்டார்கள் என்று தெரியும். இருந்தும் போன் அடுப்பு மேடையிலேயே இருந்தது.

மார்ச் 11, செவ்வாய்

பெரிய பாக்கெட் மலிவு என்கிறார்கள். எனக்கு அந்தக் கணக்கு செல்லாது, குப்பைக்குப் போகிற பாதிக்கும் சேர்த்துத்தானே காசு! ரொட்டி மட்டும் விதிவிலக்கு. ஃபிரிட்ஜில் வைத்தால் வெளியே இருப்பதைவிடச் சீக்கிரம் விறைத்துப்போகும். ஃபிரீசரில் அப்படி இல்லை, வேண்டும்போது ஒரு துண்டை உருவி நேராக டோஸ்டரில் போடலாம். இன்றைக்கு நல்ல பசி. இரண்டு துண்டு, மேலே முட்டை, நிறைய மிளகு. பிரமாதம்.

மார்ச் 13, வியாழன்

சமைக்கவில்லை. பட்டியலைக் கிழித்துப் போட்டேன்.

மார்ச் 14, வெள்ளி

கூப்பிட்டுவிட்டார்கள். திங்கள் காலை, வெறும் வயிற்றோடு. அங்கேயே தங்க வேண்டி வரலாமாம்.

அப்படியானால் ஃபிரிட்ஜைக் காலி செய்ய வேண்டும். கேரட்டை நறுக்கிக் கொதிநீரில் 2 நிமிடம் போட்டு, ஐஸ் தண்ணீரில் ஆறவைத்து ஃபிரீசருக்குள் தள்ளலாம். கீரை இன்றே. முட்டை கிடக்கட்டும், ஒன்றும் ஆகாது. எத்தனை நாள் தங்க வேண்டும் என்று கேட்டேன், வந்து பார்க்கலாம் என்றார்கள். அது தெரிந்தால்தானே நாளைக்குப் பால் வாங்குவதா வேண்டாமா என்று