நீல உறைக்குள் வந்த கேள்வி

நெதர்லாந்தில் வரி அலுவலகக் கடிதம் நீல உறையில்தான் வரும். ஐந்தோவன் நகரத்துக்கு வந்த இத்தனை வருஷத்தில் எத்தனையோ நீல உறைகளைப் பிரித்துப் பார்த்து ஃபைலில் சொருகியிருக்கிறேன். 2025 செப்டம்பரில் வந்தது மட்டும் தொகை எதுவும் சொல்லாமல் கேள்வி கேட்டது. என் கணவர் பெயரில் இந்தியாவில் ஒரு வங்கிக் கணக்கு இருப்பதாகத் தகவல் வந்திருக்கிறது, 2024-க்கான வரிக் கணக்கில் அதைக் காணோம், விளக்கம் தரவும். டச்சில் இரண்டு பக்கம். மொபைல் மொழிபெயர்ப்பில் படித்தபோது போலீஸ் சம்மன் மாதிரியே இருந்தது. பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியை மாட்டிப் படித்துவிட்டு, "இது அபராதம் இல்லை, கேள்விதான். ஆனால் கடைசித் தேதியைத் தாண்டிவிடாதே" என்றார்.

எங்கே சறுக்கினோம் என்று சொல்ல, கொஞ்சம் பின்னால் போக வேண்டும். இங்கே வருமான வரி மூன்று பெட்டிகளாக இருக்கிறது. சம்பளமும் குடியிருக்கும் சொந்த வீடும் பாக்ஸ் 1. ஒரு கம்பெனியில் 5 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு இருந்தால் பாக்ஸ் 2. சேமிப்பு, முதலீடு, குடியிருக்காத வீடு எல்லாம் பாக்ஸ் 3. நான் 2019 ஜனவரியில், வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வருபவர்களுக்கான '30 சதவீதச் சலுகை'யோடு வந்தவள். சம்பளத்தில் 30 சதவீதம் வரை வரியில்லாமல் கொடுக்க முதலாளிக்கு அனுமதி, ஐந்து வருஷத்துக்கு. அந்தச் சலுகை இருக்கும்வரை பாக்ஸ் 2, 3 விஷயத்தில் வெளிநாட்டுவாசி மாதிரி நடத்தச் சொல்லி அப்போது கேட்டுக்கொள்ள முடிந்தது. (2025 முதல் இந்த 'வெளிநாட்டுவாசி' வசதியை எடுத்துவிட்டார்கள். 2024-க்கு முன்பே சலுகையில் இருந்தவர்களுக்கு மட்டும் 2026 முடியும்வரை விட்டுவைத்திருக்கிறார்கள்.) அதனால் ஐந்து வருஷம் ஊர்ச் சேமிப்பைப் பற்றி இங்கே யாரும் கேட்கவில்லை, நாங்களும் யோசிக்கவில்லை. 2023 டிசம்பரோடு சலுகை முடிந்தது. அடுத்த கணக்கை நானே உட்கார்ந்து போட்டேன். எஃப்டி, மியூச்சுவல் ஃபண்டு எல்லாம் காட்டினேன். கோவை ஃபிளாட்டின் வாடகை விழும் என்ஆர்ஓ கணக்கு (வெளிநாடுவாழ் இந்தியர்கள் ஊர் வருமானத்துக்காக வைத்திருக்கும் வங்கிக் கணக்கு) மட்டும் ஞாபகத்திலேயே இல்லை. நாடுகள் வங்கிக் கணக்கு விவரங்களை ஆண்டுதோறும் தானாகவே பரிமாறிக்கொள்கின்றன. இந்தியாவும் அதில் உண்டு.

இணையத்தில் ஆங்கிலம் பேசும் வரி வழக்கறிஞரைத் தேட ஆரம்பித்தேன். வாட்ஸ்அப் குழுவில் ஒருவரைக் கைகாட்டினார்கள். நூறு யூரோதான், நம்ம ஊர்க்காரர்தான். "அக்கவுன்ட்டை மூடியாச்சுன்னு எழுதிடலாம் மேடம், அவங்களுக்கு எங்க தெரியப்போகுது?" என்றார். தெரிந்துதானே கடிதமே வந்திருக்கிறது! அடுத்து ஒரு பெரிய சட்ட நிறுவனம். நல்ல ஆங்கிலம், நல்ல மரியாதை. மணிக்கு 400 யூரோவுக்கு மேல், அதன்மேல் 21 சதவீத மதிப்புக் கூட்டு வரி, பாதி முன்பணம்.

இரண்டு நாள் கழித்துத்தான் ஒன்று புரிந்தது. நான் தேடியது தவறான ஆளை. இங்கே 'அட்வோகாட்' என்றால் பார் கவுன்சிலில் பதிவு பெற்ற வழக்கறிஞர் (முட்டை சேர்த்துச் செய்யும் ஒரு மதுவுக்கும் அதே பெயர்தான்). வரி ஆலோசகரை 'பெலாஸ்டிங்அட்விஸூர்' என்கிறார்கள். இந்தப் பட்டத்துக்குச் சட்டப் பாதுகாப்பு கிடையாது, யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிக்கொள்ளலாம். நம்ம வாட்ஸ்அப் அண்ணன் மாட்டியிருந்தது அதைத்தான். ஆகவே பார்க்க வேண்டியது சங்க உறுப்பினரா என்பது. ஆர்பி, என்ஓபி என்று இரண்டு சங்கங்கள். இரண்டின் தளத்திலும் உறுப்பினர்களைத் தேடலாம். வரி வழக்கில் நீதிமன்றம் போனாலும் வழக்கறிஞர்தான் வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, ஆலோசகரே வாதாடலாம்.

ஆர்பி பட்டியலிலிருந்து மூன்று பேருக்கு ஒரே மின்னஞ்சலை அனுப்பினேன். இந்தியாவோடு 1988-இல் போட்ட இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தத்தில் வேலை செய்திருக்கிறீர்களா? டச்சில் பதிலை நீங்களே எழுதுவீர்களா? மொத்தமாக எவ்வளவு, வரி சேர்த்தா சேர்க்காமலா? ஒருவர் பதிலே போடவில்லை. இன்னொருவர் இந்தியக் கணக்குகளைத் தொடுவதில்லை என்று நேர்மையாகச் சொன்னார். மூன்றாவது ஒரு அம்மாள், ஐம்பது வயதிருக்கும், மூன்று கேள்விக்கும் மூன்று வரியில் பதில் எழுதினார். 550 யூரோ, எல்லாம் சேர்த்து. முதல் வேலையாக எங்கள் பாஸ்போர்ட் நகலைக் கேட்டபோது எனக்குச் சந்தேகம் தட்டியது. கறுப்புப் பணத் தடுப்புச் சட்டப்படி அவர்கள் வாங்கியே ஆக வேண்டுமாம்.

நேரில் போனோம். எனக்கு அட்வோகாட் தேவையா என்றுதான் முதலில் கேட்டேன். "கடிதத்தில் குற்றவியல் விசாரணை என்று வந்திருந்தால் நானே அனுப்பி வைத்திருப்பேன். வழக்கறிஞரிடம் நீங்கள் சொல்வதை அவர் வெளியே சொல்ல வேண்டியதில்லை. எனக்கு அந்த அளவு பாதுகாப்பு இல்லை. உங்களுடையது மறதி" என்றார். பிறகு என்ஆர்ஓ கணக்கின் ஸ்டேட்மென்டைப் புரட்டி, மாதாமாதம் விழும் ஒரே தொகையில் விரலை வைத்தார். "இது என்ன?" வாடகை என்றேன். "அப்படியானால் வீடு எங்கே?"

வீட்டை நான் காட்டவே இல்லை. இந்தியாவில் வரி கட்டுகிறோமே, இங்கே எதற்கு என்று நினைத்துவிட்டேன். காட்ட வேண்டுமாம். வங்கி இருப்பைப் போலவே, ஜனவரி 1 அன்று அதன் சந்தை மதிப்பைச் சேர்த்து, பிறகு ஒப்பந்தப்படி விலக்குக் கேட்க வேண்டும். வாடகை எவ்வளவு என்று பாக்ஸ் 3 கேட்பதில்லை. இவ்வளவு சொத்து இருந்தால் இவ்வளவு சம்பாதித்திருப்பாய் என்று அதுவே அனுமானித்துக்கொள்கிறது. 2024-க்கு வங்கிப் பணத்துக்கு 1.44 சதவீதம், மற்ற முதலீட்டுக்கு 6.04.

தோராயமான எண்களில் சொல்கிறேன். வங்கியில் 90,000 யூரோ, ஃபண்டில் 60,000. அனுமான வருமானம் 4,920, அதாவது மொத்தத்தில் 3.28 சதவீதம். தம்பதிக்கு வரியில்லாத 1,14,000 கழிவு போக மிச்சம் 36,000. அதில் 3.28 சதவீதம் 1,180. அதற்கு 36 சதவீத வரி, சுமார் 425 யூரோ. இதற்கா இரண்டு வாரம் தூங்காமல் இருந்தேன்! ஃபிளாட்டைச் சேர்த்ததும் சில நூறு கூடியது. அந்த 1,14,000 கழிவு வீட்டுக்கும் பங்குபோவதால், ஒப்பந்த விலக்கு கூடிய வரியை முழுதாக ஈடுகட்டாது என்றார்.

உண்மையில் வந்த வருமானம் இதைவிடக் குறைவென்றால் அதைக் காட்டலாம், 2024 ஜூனில் உச்ச நீதிமன்றம் அப்படித் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது என்று படித்திருந்தேன். ஆர்வமாகக் கேட்டேன். "உங்கள் எஃப்டிக்கு என்ன வட்டி?" ஏழு சதவீதம். சிரித்தார். "சட்டம் 1.44 என்கிறது. பேசாமல் இருங்கள்."

தங்கத்தையும் கேட்டுவிட்டேன். போட்டுக்கொள்ளும் நகை கணக்கில் வராது. முதலீடாக வாங்கிய காசு, கட்டி வரும். அம்மாவின் வளையல் தப்பித்தது.

அவரே டச்சில் பதில் எழுதி, திருத்திய கணக்கையும் சேர்த்து அனுப்பினார். டிசம்பரில் இறுதி வரிவிதிப்பு வந்தது, அபராதம் இல்லை. ஒத்துக்கொள்ளாவிட்டால் ஆறு வாரத்துக்குள் ஆட்சேபம் போடலாம். அந்த ஆறு வாரம் நாம் உறையைப் பிரித்த நாளிலிருந்து இல்லை, கடிதத்தில் போட்ட தேதியிலிருந்து. நாங்கள் கட்டிவிட்டோம்.

கோவையில் அப்பாவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. "நம்ம ஊர் வீட்டுக்கு அவன் யாரு கணக்குக் கேக்க?" என்று கொஞ்ச நாள் புலம்பினார். முப்பத்தைந்து வருஷம் வங்கியில் வேலை பார்த்தவர். ஜனவரி 1 காலையில் ஃபோன் அடித்தது. புத்தாண்டு வாழ்த்துச் சொல்லப்போகிறார் என்று எடுத்தேன். "பேனா இருக்கா? பாஸ்புக் என்ட்ரி போட்டாச்சு, பேலன்ஸ் சொல்றேன், எழுதிக்கோ" என்றார்.