மகஜருக்கு அப்பால்: ஊரார் சட்டம் முன்மொழியும் முறை

யாழ்ப்பாணத்தில் பொதுக் காரியம் ஒன்றுக்காகக் கையெழுத்துச் சேர்க்கப்படாத மாதம் அரிது. காணி விடுவிப்பு, வீதித் திருத்தம், மதுபானசாலை அனுமதி, குடிநீர் என விடயம் எதுவாயினும், மகஜர் எழுதப்பட்டு, சந்தையடியிலும் கோயில் வாசலிலும் ஒப்பம் பெறப்பட்டு, மாவட்டச் செயலகத்திலோ ஆளுநர் அலுவலகத்திலோ கையளிக்கப்படுகிறது. கையளிக்கும் படம் மறுநாள் பத்திரிகையில் வெளியாகிறது. பெற்றுக்கொண்டவரை அந்தத் தாள் எந்த முடிவுக்கும் கட்டுப்படுத்துவதில்லை. பத்துப் பேர் ஒப்பமிட்டிருந்தாலும் பத்தாயிரம் பேர் ஒப்பமிட்டிருந்தாலும் அவருடைய கடமை ஒன்றுதான், அதாவது மரியாதையுடன் வாங்கி வைப்பது.

ஒப்பத்துக்குச் சட்ட வலு உள்ள நாடுகளும் உண்டு. அங்கே மக்களே சட்டமொன்றை எழுதி, போதிய ஒப்பம் சேர்த்து, அதை வாக்கெடுப்புக்குக் கொண்டுசெல்லலாம். அமெரிக்காவில் தென் டகோட்டா மாநிலம் 1898 இலும், ஒரிகன் 1902 இலும், கலிபோர்னியா 1911 இலும் இம்முறையை ஏற்றுக்கொண்டன. கலிபோர்னியாவில் அது வந்ததற்குக் காரணம் வெளிப்படையானது: சதேர்ன் பசிபிக் என்ற ரயில் நிறுவனத்தின் செல்வாக்கு மாநிலச் சட்டசபையை ஆட்டிவைத்த காலம் அது, சட்டசபை செய்ய மறுப்பதை மக்களே செய்துகொள்ள ஒரு வழி வேண்டும் என்று ஆளுநர் ஹைரம் ஜோன்சனும் அவரைச் சார்ந்தவர்களும் வாதாடி வென்றார்கள்.

அம்மாநிலத்தின் பொதுத் தேர்தற் சட்டப்படி, ஒரு நகரத்தில் புதிய உள்ளூர்ச் சட்டம் வேண்டுவோர் முதலில் அச்சட்டத்தின் வாசகத்தை முழுமையாக எழுதி, தம் நோக்கத்தை அறிவித்தலாக நகரத் தேர்தல் அலுவலரிடம் ஒப்படைக்க வேண்டும். நகரத்தின் சட்டத்தரணி அதற்கு நடுநிலையான தலைப்பையும் சுருக்கத்தையும் எழுதித் தருவார்; ஒப்பம் கேட்கும் ஒவ்வொரு தாளிலும் அவை இருந்தாக வேண்டும். அதன் பின் 180 நாட்களுக்குள், பதிவு செய்த வாக்காளர்களில் பொதுவாகப் பத்து வீதத்தினரின் ஒப்பம் சேர வேண்டும். வாக்காளர் இடாப்புடன் ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்ட பிறகு, நகர சபைக்கு அடிப்படையில் இரண்டே தெரிவுகள் மிஞ்சுகின்றன: ஓர் எழுத்தையும் மாற்றாமல் அதைச் சட்டமாக நிறைவேற்றுவது, அல்லது வாக்கெடுப்புக்கு விடுவது. வாக்கெடுப்பில் வென்ற சட்டத்தை அதே சபை பின்னர் தன்னிச்சையாக நீக்க முடியாது. அதற்கும் வாக்காளரிடமே திரும்ப வேண்டும். தமக்கென நகரச் சாசனம் வைத்திருக்கும் நகரங்களில் எண்ணிக்கைகள் வேறுபடலாம்.

இவற்றுள் என்னை அதிகம் கவர்ந்தது முதற் படிதான். மகஜர் ஒரு குறையைச் சொல்லி, ‘உரிய நடவடிக்கை எடுக்குமாறு தாழ்மையுடன் வேண்டிக்கொள்கிறோம்’ என்று முடிகிறது. உரிய நடவடிக்கை எது என்பதை எழுதியவர்கள் சொல்வதில்லை. பெரும்பாலும் அவர்களுக்குள்ளேயே அதில் உடன்பாடு இருப்பதில்லை. சட்ட வாசகம் எழுத உட்கார்ந்தால் அந்த வசதி பறிபோகிறது. எங்கள் பகுதியின் வெள்ள வாய்க்கால்களை எடுத்துக்கொள்வோம். கிடுகு வேலியும் பனையோலை வேலியும் இருந்த காலத்தில் மாரி மழை வேலிக்கடியால் வடிந்து குளத்தைச் சேர்ந்தது. இன்று காணிக்குக் காணி மதில். 2008 நவம்பரில் நிஷா புயலுடன் வந்த வெள்ளம் குடாநாட்டில் எங்கெல்லாம் தேங்கி நின்றது என்பதைக் கண்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ‘வாய்க்காலை அடைக்காதே’ என்று எல்லோரும் ஒப்பமிடுவார்கள். ஆனால் எது வாய்க்கால்? நில அளவைப் படத்தில் உள்ளதா, மழைக்கு நீர் ஓடும் பள்ளமா? ஏற்கெனவே மதில் கட்டியவர் அதை உடைக்க வேண்டுமா, அல்லது நீர் போக அடியில் துவாரம் விட்டால் போதுமா? செலவு யாருடையது? சொந்தக்காரர் கனடாவில் இருந்தால் அறிவித்தலை யாரிடம் கொடுப்பது? இந்தக் கேள்விகளுக்கு விடை எழுதிய பிறகும் ஒப்பமிட முன்வருகிறவர்களே உண்மையான ஆதரவாளர்கள்.

நம் உறவினர் ஏராளமாக வாழும் சுவிட்சர்லாந்தில் இம்முறை இன்னும் ஆழ வேரூன்றியுள்ளது. கூட்டாட்சி மட்டத்தில் 1891 முதல் நடைமுறையில் உள்ளது. இன்று 18 மாதங்களுக்குள் 100,000 ஒப்பங்கள் வேண்டும், அதன் மூலம் அரசியலமைப்பை மட்டுமே திருத்தக் கோரலாம். சட்டங்களுக்கான முன்மொழிவு மாநிலங்களிலும், உள்ளூர் விதிகளுக்கானது ஊராட்சிகளிலும் நடைபெறுகிறது. பேர்ண் மாநிலத்தின் ஊராட்சிகளில் வாக்குரிமை உள்ளோரில் பத்தில் ஒரு பங்கினர் ஒப்பமிட்டால் போதும். சிறிய ஊராட்சிகள் பலவற்றில் வாக்குப்பெட்டியே கிடையாது. ஊர்க்கூட்டத்தில் கையுயர்த்தி முடிவெடுக்கிறார்கள். அங்குள்ள நம்மவர்களில் குடியுரிமை பெறாதவர்கள், வரி செலுத்தினாலும், பெரும்பாலான மாநிலங்களில் ஒப்பமிட முடியாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இவ்வளவு புகழ்ந்த பிறகு ஓர் அச்சத்தையும் எழுதாவிட்டால் நேர்மையாகாது. 2009 இல் அதே சுவிட்சர்லாந்தில், பள்ளிவாசல்களுக்கு மினாரா கட்டுவதைத் தடை செய்யும் முன்மொழிவு 57.5 வீத வாக்குகளால் வென்றது. கலிபோர்னியாவில் 1964 இல், வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் நிறப்பாகுபாட்டைத் தடுத்த சட்டத்தைச் செயலிழக்கச் செய்யும் 14 ஆம் முன்மொழிவை ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் ஆதரித்தார்கள். மாநில உயர் நீதிமன்றம் 1966 இலும், அமெரிக்க உயர் நீதிமன்றம் 1967 இலும் அது செல்லாது எனத் தீர்த்த பின்னரே ஆபத்து நீங்கியது. நமக்கும் அனுபவம் உண்டு. இலங்கையில் இதுவரை நடந்த ஒரேயொரு சர்வசன வாக்கெடுப்பு 1982 டிசம்பர் 22 அன்று, தேர்தல் இல்லாமலே நாடாளுமன்றத்தின் ஆயுளை நீடிப்பதற்காக நடந்தது. யாழ்ப்பாண மாவட்டம் பெருவாரியாக, ‘வேண்டாம்’ என்பதற்கான சின்னமான குடத்துக்கு வாக்களித்தது. நாடு ‘வேண்டும்’ என்பதற்கான விளக்கைத் தெரிவு செய்தது. நாடளாவிய வாக்கெடுப்பில் எண்ணிக்கையில் சிறியவர்களின் விருப்பம் கரைந்துபோகும்.

அப்படியானால் ஊர் அளவில் இந்த ஆபத்து இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. சுடலையை எங்கே வைப்பது, எந்தக் குடியிருப்புக்கு முதலில் பாதை போடுவது போன்ற விடயங்களை ஊரின் பெரும்பான்மைச் சாதியின் வாக்குக்கு விட்டால் முடிவு எப்படி அமையும் என்பது நமக்குத் தெரியாததல்ல. எனவே முன்மொழிவு வாக்கெடுப்புக்குச் செல்லும் முன்னரே, அது எந்தப் பிரிவினரின் உரிமையையும் பறிக்கிறதா என்று சுயாதீனமான ஒருவர் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. எண்ணிக்கை குறைந்த குடியிருப்புகளுக்கு, வாக்கெடுப்பு முடிந்த பின் நீதிமன்றப் படியேறும் வசதியும் காலமும் கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

இங்கே இன்றுள்ள வழி குறுகியது. மாநகர சபைக்கும் நகர சபைக்கும் தனித்தனிக் கட்டளைச் சட்டங்களும், பிரதேச சபைக்கு 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டமும் உபவிதி, அதாவது உள்ளூர்ச் சட்டம், இயற்றும் அதிகாரத்தைத் தருகின்றன. சபை நிறைவேற்றிய உபவிதி மேலிட அங்கீகாரம் பெற்று வர்த்தமானியில் வெளியானால்தான் நடைமுறைக்கு வரும். குடியிருப்பாளர் அதை நேரடியாகச் சபையின் நிகழ்ச்சி நிரலில் ஏற்ற முடியாது. உறுப்பினர் ஒருவர் பிரேரணையாகக் கொண்டுவர வேண்டும். 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்து 2025 மே 6 ஆம் திகதி தேர்தல் நடக்கும் வரை, அப்படிக் கொண்டுவர உறுப்பினரே இருக்கவில்லை. இப்போது வட்டாரத்துக்கு ஒருவர் இருக்கிறார். ஆகவே சனசமூக நிலையங்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: அடுத்த முறை மகஜருக்குப் பதிலாக, இலக்கமிட்ட வாசகங்களும் வரைவிலக்கணமும் தண்டப்பண விதியும் கொண்ட உபவிதி வரைபு ஒன்றை எழுதி, ஒவ்வொரு ஒப்பத்துக்கும் எதிரே வாக்காளர் இடாப்பின் தொடரிலக்கத்தைக் குறித்து, வட்டார உறுப்பினரிடம் கொடுங்கள். சபை அதை நிராகரிக்கலாம். ஆனால் எந்த வாசகத்தை, யார் யார் எதிர்த்து நிராகரித்தார்கள் என்பது கூட்டறிக்கையில் பதிவாகும். அந்தக் கூட்டறிக்கையை 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் குடிமக்கள் யாரும் கேட்டுப் பெறலாம்.

சபையைக் கட்டாயப்படுத்தும் முறை வர வேண்டுமானால் சட்டத் திருத்தம் தேவை, அதை யார் செய்யலாம் என்பதில் சுவையான வாதத்துக்கு இடமுண்டு. மாகாணசபைகளை உருவாக்கிய அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தத்தில், அச்சபைகளின் அதிகாரங்களைப் பட்டியலிடும் மாகாணசபை நிரல், உள்ளூராட்சி மன்றங்களின் அமைப்பையும் கட்டமைப்பையும் நாடாளுமன்றத்தின் சட்டத்துக்கு விட்டுவிட்டு, அம்மன்றங்களுக்கு மேலதிக அதிகாரங்களை வழங்கும் உரிமையை மாகாணசபைக்குத் தருகிறது. குடியிருப்பாளரின் முன்மொழிவை வாக்கெடுப்புக்கு விடுவது மன்றத்தின் கட்டமைப்பைத் தொடுவதா, அதற்கு மேலதிக அதிகாரம் ஒன்றை வழங்குவதா? இரண்டாவது என்றே நான் வாதிடுவேன். அப்படிக் கொள்ளப்பட்டால் வட மாகாணசபையே, தான் இயற்றும் சட்டமான நியதிச்சட்டம் ஒன்றின் மூலம் இதைச் செய்துவிடலாம். 2013 செப்டெம்பரில் தெரிவான அச்சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதற்குப் பின் தேர்தல் நடக்காததால், இந்த வாதத்தைக் கொண்டுபோய் வைக்க ஒரு சபை முதலில் தெரிவாக வேண்டியிருக்கிறது.