மேல் வீட்டு ஊஃபர்

ஜூன் 3

மேல் வீட்டில் மறுபடியும் ஊஃபர், அதுதான் பாட்டின் அடிச்சத்தத்தை மட்டும் எழுப்பும் ஒலிபெருக்கி. என்ன பாட்டு என்றே தெரியவில்லை. குரலும் இல்லை, மெட்டும் இல்லை, வெறும் டும் டும். ஒவ்வொரு டும்முக்கும் அலமாரியின் கண்ணாடிக் கதவு கிர்ரென்கிறது. காதடைப்பான் வைத்துப் பார்த்தேன். மின்விசிறிச் சத்தம் போய்விட்டது, டும் மட்டும் தனியாக நிற்கிறது. கீச்சென்ற ஒலியைக் காதடைப்பான் நன்றாகத் தடுக்கும். தாழ்ந்த ஒலியிடம் அவ்வளவு செல்லாது. அதுவோ சுவர், தரை, கட்டில் என்று எல்லா வழியிலும் ஏறி வருகிறது.

ஜூன் 4

துடைப்பக் கட்டையால் மேலே இரண்டு தட்டுத் தட்டலாம் என்கிறார் கணவர். தட்டினால் பதிலுக்கு அவர்களும் தட்டுவார்கள். அப்புறம் ஊஃபர் போய் மானப் பிரச்சினை ஆகிவிடும். வேண்டாம்.

ஜூன் 7

ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்திருக்கிறேன். "தாங்க முடியவில்லை" என்று எழுதி வைத்தால் யாருக்கும் உபயோகமில்லை. எத்தனை மணிக்குத் தொடங்கியது, எப்போது நின்றது, எந்த மாதிரிச் சத்தம், எந்த அறையில் கேட்டது, ஜன்னல் மூடியிருந்ததா, தூக்கம் கலைந்ததா. இவ்வளவு போதும். நாளைக்குக் குடியிருப்போர் சங்கத்திடமோ அதற்கு மேலேயோ போக வேண்டி வந்தாலும் இந்த நோட்டுதான் பேசும்.

ஜூன் 14

நோட்டு ஒரு வேடிக்கையைக் காட்டிக் கொடுத்தது. காலையில் நாற்காலியை இழுக்கும் கர்ர் சத்தமும் உண்டு. அதுவும் மேல் வீடுதானோ என்ற சந்தேகம். ஆனால் அவர்கள் ஊரில் இல்லாத இரண்டு நாளும் கர்ர் கேட்டிருக்கிறது! கான்கிரீட் கட்டடத்தில் இது சகஜம். தரையில் விழும் அடியும் உரசலும் தளத்தோடும் தூணோடும் ஓடி, எங்கோ தள்ளியுள்ள வீட்டில் தலைக்கு மேலேயே நடப்பதுபோலக் கேட்கும். நல்லவேளை, இன்னும் யாரையும் கேட்கவில்லை. அந்த நாற்காலி, பக்கவாட்டில் ஒரு மாடி மேலே இருக்கும் அம்மாவுடையதாகத்தான் இருக்க வேண்டும்.

ஜூன் 16

போனில் சத்தத்தை அளக்கும் டெசிபல் செயலி இறக்கிப் பார்த்தேன். நள்ளிரவில் 36 காட்டுகிறது. தூங்கும் அறையில் தொடர்ந்து வரும் சத்தம் 30 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999-லேயே சொல்லியிருக்கிறது. 36-க்கும் 30-க்கும் ஆறுதானே வித்தியாசம் என்று தோன்றும். இது சாதாரணக் கூட்டல் கணக்கு இல்லை. 10 ஏறினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு, காதுக்குச் சுமார் இரண்டு மடங்கு.

ஆனாலும் இந்த எண்ணைக் கொண்டுபோய் மேல் வீட்டுக்காரரிடம் நீட்டப் போவதில்லை. போன் மைக் பேச்சுக்காகச் செய்தது. போதாததற்கு, காது கேட்கும் விதத்துக்கு ஏற்பக் கணக்கிடும் வழக்கமான டிபிஏ அளவீடு, 50 ஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த ஒலியில் 30 டெசிபல் வரை கழித்துவிட்டுத்தான் கணக்குச் சொல்லும். என் நெஞ்சில் இடிப்பதை மீட்டர் பாதிக்கு மேல் விழுங்கிவிடுகிறது. இதை வைத்து வாதாடினால் ஜெயிப்பது அவர்தான்.

ஜூன் 21

இன்று சாயங்காலம் மேல் வீட்டுக்காரரிடம் பேசிவிட்டேன். பாட்டு ஓடாத நேரமாகப் பார்த்துப் போனேன். சத்தம் நடுவே போனால் இரண்டு பேருக்கும் சூடு ஏறியிருக்கும்.

"அக்கா, நான் பாதி வால்யூம்கூட வைக்கிறதில்லையே" என்றார். பொய் சொல்லும் முகமில்லை. "தம்பி, நீங்க எப்பவும் வைக்கிற அளவுல பாட்டைப் போட்டுட்டு எங்க வீட்டுக்கு ஒரு நிமிஷம் வாங்க" என்றேன்.

வந்தார். படுக்கையறையில் நின்றார். முதலில் ஒன்றும் பிடிபடவில்லை, "எங்க கேக்குது?" என்று பார்த்தார். அலமாரிக் கதவில் கையை வைக்கச் சொன்னேன். வைத்த கையை உடனே எடுத்துவிட்டார். "இது என் பாட்டா?" என்றார்.

அவர் கேட்பது பாடகரின் குரல், வயலின், தபேலா எல்லாம் சேர்ந்த ஒரு பாட்டு. உச்ச சுருதிகளைத் தளம் வடிகட்டிவிடும், அடிச்சத்தத்தை விட்டுவிடும். எனக்கு வந்து சேர்வது அந்த மிச்சம். அதிலும் 50 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை ஏறக்குறைய ஏழு மீட்டர் நீளம். அறைக்குள் அது சுவரில் மோதித் திரும்பி, ஓரிடத்தில் வலுத்து, இன்னோரிடத்தில் அடங்கும். அவருடைய சோபா அடங்கும் இடத்தில் கிடக்கிறதோ என்னவோ. ஆக, "நான் சத்தமாக வைக்கவில்லை" என்று மேல் வீட்டுக்காரர் சொல்வது பல வீடுகளில் உண்மையாகவே இருக்கும். கீழே கூட்டி வந்து காட்டாமல் அதை எந்த வாயால் விளக்குவது?

ஜூன் 22

ஊஃபர் மூலையில், தரையோடு தரையாக இருந்ததாம். மூலையில் வைத்தால் அடி ஒலி இன்னும் கொழுக்கும். இடம் மாற்றி, அடியில் கெட்டியான ரப்பர் மெத்தை போட்டு, பேஸையும், அதாவது அடிச்சத்தத்தின் அளவையும், குறைத்திருக்கிறார். பத்து மணிக்கு மேல் ஊஃபர் அணைந்துவிடும் என்று பேச்சு. கண்ணாடிக் கதவு இன்று சும்மா இருக்கிறது. டும் முழுக்கப் போகவில்லை, ஆனால் தேடினால்தான் கேட்கிறது.

ஜூன் 25

கூரை முழுக்க ஃபோம் ஒட்டச் சொல்கிறார் மைத்துனர். ஃபோம் அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும், தளம் வழியாக வருவதை நிறுத்தாது. அதற்குக் கனம் வேண்டும், இடைவெளி வேண்டும், ஓட்டையெல்லாம் அடைக்க வேண்டும். பெரிய கட்டட வேலை. சரி சரி என்று தலையாட்டி வைத்தேன்.

ஜூன் 28

நாற்காலி அம்மாவைப் பார்த்தேன். கால்களுக்கு ஒட்டும் கம்பளித் துண்டு வாங்கிக்கொண்டே போனேன், அவர் பேரன் அங்கேயே ஒட்டிவிட்டான். இதற்காகவா இத்தனை நாள் யோசித்தேன்!

ஜூலை 5

பதினொன்றரைக்கு டும். "தம்பி, ஊஃபர்" என்று மட்டும் செய்தி அனுப்பினேன். "ஸாரி அக்கா, நண்பர்கள் வந்திருக்காங்க" என்றார், நின்றது. நோட்டில் நேரம் குறித்தேன். அடுத்த சனிக்கிழமையும் இப்படியானால் சங்கச் செயலாளரை நடுவில் வைத்துப் பேசுவதாக உத்தேசம்.